ஆறாவது ஞாயிறு

சாந்திநகர் ஹாக்கி ஸ்டேடியம், மதியம் மூன்று.
சிமெண்டுப் படி சுடுகிறது.
லாரன்ஸ் ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்றிக்
கையோடு கொண்டுவந்திருக்கிறான்.
அதில் அவன், நான், பாதியாக முத்தண்ணா.

ஆட்டத்துக்கு முன்னால் திடலை நனைக்கிறார்கள்.
ஆறு குழாய்கள், பீரங்கி மாதிரி.
வானவில் வேறு.
"எங்க தெருவுக்குத் தண்ணி வந்து அஞ்சு நாளாச்சு"
என்கிறாள் லூர்துமேரி.
"இந்தப் பச்சைக் கம்பளம் ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு வாட்டி குடிக்குது.
குடிச்ச நன்றிக்கு ஒண்ணு போடக்கூடாதா?"

நான் பெஸ்காமில் மீட்டர் பார்ப்பவன்.
எண்ணாமல் இருக்க வராது.
சின்ன நோட்டு ஒன்று சட்டைப்பையில்:
ஐந்து ஞாயிறு.
டி-க்குள் நுழைந்தது நூற்றுப் பதினேழு தடவை.
பெனால்டி கார்னர் முப்பத்தெட்டு.
கோல் என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதாமல் பேனாவை ஊன்றி ஊன்றி
தாள் ஓட்டையாகிவிட்டது.
எங்கள் மர்ஃபி டவுன் பையன்கள் அதற்குள்ளும் போடவில்லை.

கம்பத்தில் பட்டிருக்கிறது.
கோல்கீப்பர் ஷூ நாடா கட்டக் குனிந்தபோது
அவர் ஹெல்மெட்டில் பட்டிருக்கிறது.
குடகிலிருந்து கூட்டிவந்த நாணய்யா
கார்னர் அடிப்பதில் புலி என்றார்கள்.
போன வாரம் புலி அடித்த பந்து
பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியைத் தேடிப் போனது.

"வெண்ணெ திரண்டு வர்றப்போ தாழி உடையுது" என்றான் லாரன்ஸ்.
"ஆறு வாரமா எத்தனை தாழிடா?
குயவன் மாடி வீடு கட்டிட்டான்" என்றாள் லூர்துமேரி.

ஒன்பதாம் நம்பரை மட்டும்
எங்களில் யாரும் திட்டுவதில்லை.
அது அவள் மகன் அமலன்.
அவனைத் திட்டும் உரிமை
முழுக்க முழுக்க அவளிடம் இருக்கிறது,
அவள் அதில் ஒரு சொட்டையும் வீணாக்குவதில்லை.
"பாஸ் பண்ணுடா எருமை!
வீட்ல தம்பிக்கு ஒரு வடை குடுக்காதவன்
இங்க எப்படிக் குடுப்பான்?"

கடைசிக் குவார்ட்டர். ஏழு நிமிடம் பாக்கி.
எதிரே ஏதோ ஒரு பேங்க் அணி, ஒன்றுக்குச் சுழியம்.
அவர்கள் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து
வாட்ச்மேன் போல நிற்கிறார்.

அப்போது வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது.
அமலன் நிறுத்தவில்லை, பார்க்கவில்லை,
ஒரே அடி.

டப்.

பலகையில் பந்து மோதும் அந்தச் சத்தத்தை
நாங்கள் மறந்தே போயிருந்தோம்.
யாரோ பக்கத்தில் கதவைச் சாத்தினார்கள் என்று நினைத்தேன்.
பிறகுதான் ஆட்டோ சீட் உருண்டது,
முத்தண்ணாவின் டீ என் நோட்டில்,
லாரன்ஸின் மீசை என் காதில்,
பேர் தெரியாத ஒருவர் என் தோளைக் கடித்தார்.

லூர்துமேரி எழுந்திருக்கவில்லை.
அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்பயரின் கையை.

அந்தக் கை எங்கள் பக்கம் நீளவில்லை.
விரல் கீழே வளைந்து கோட்டைக் காட்டியது:
அடித்த இடம் டி-க்கு வெளியே.
உள்ளே ஒருவர் மட்டையும் தொடவில்லை.
செல்லாது.

"அரை அடி" என்றார் முத்தண்ணா, குரலே இல்லாமல்.
"ரெண்டு வாரம் முந்தியே பொறந்தவன்" என்றாள் அவள்.
"டாக்டர் கையுறை போடறதுக்குள்ள வந்து நின்னான்.
அன்னைக்கும் இதே அவசரம்."
சொல்லிவிட்டு முந்தானையால்
மூக்கைத் துடைத்தாள், வியர்வை என்பது போல.

ஆட்டம் அப்படியே முடிந்தது.
பையன்கள் மட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள்.
ஈரத் திடலில் ஒரு மைனா
எங்கள் முன்வரிசையைவிடத் துணிச்சலாக
கோல் கூண்டுக்குள் போய்த் திரும்பியது.

டீ ஊறிய பக்கத்தை ஊதி உலர்த்தினேன்.
நுழைவு இருபத்தொன்று. கார்னர் எட்டு.
கடைசிக் கட்டத்தில் சுழியம் எழுத மனம் வரவில்லை,
அந்த நான்கு நொடி இன்னும் காதில் இருந்தது.
ஆளில்லாத வீடுகளுக்கு ஆபீசில் எழுதுவதையே எழுதினேன்:

கதவு பூட்டு.
மறுபடி வர வேண்டும்.

லாரன்ஸ் சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு
"அடுத்த வாரம் குடை எடுத்துட்டு வா" என்றான்.